நம் உடை, நம் விருப்பம்: தையல் பழகும் தோழிகளுக்கு ஒரு பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு என்று எத்தனையோ பாடம் படித்து விட்டோம். இந்த இதழில் கொஞ்சம் மாற்றி, நம் உடம்பின் மேல் கிடக்கும் துணியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். 'ஃபேஷன்' என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பாதிப் பேர் சிரித்து விடுவோம். "அதெல்லாம் டவுன்ல இருக்கறவங்களுக்கு, நமக்கு எதுக்குங்க?" என்போம். ஆனால் ஜவுளிக் கடையில் இருபது சேலையை விரித்துப் போட்டதும் அதில் ஒன்றைத் தனியாக இழுத்துப் பார்க்கிறோமே, அது என்ன? ஒயர் கூடை பின்னும்போது பச்சைக்கு மஞ்சள் சேருமா, வெள்ளை சேருமா என்று அரை மணி நேரம் யோசிக்கிறோமே, அது என்ன? அதுதான் ரசனை. படித்தவர், படிக்காதவர், பணம் உள்ளவர், இல்லாதவர் என்று பார்த்து அது வருவதில்லை. எல்லாரிடமும் இருக்கிறது.

ஆனால் நம் உடையை அந்த ரசனைப்படி நாமே முடிவு செய்கிறோமா? யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்குச் சேலை எடுத்து வருவது வீட்டுக்காரர் அல்லது மகன். ஜாக்கெட்டின் கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பது தையல்காரர் கையில். எந்த வயசில் எந்த நிறம் உடுத்தலாம் என்பதை ஊர் சொல்கிறது. நடுவில் நாம் எங்கே இருக்கிறோம்? தையல் தெரிந்த பெண்ணுக்கு இதில் ஒன்றிரண்டையாவது தன் கைக்குத் திருப்ப முடியும். தைக்கத் தெரியாதவர்கூட, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கொண்டால் தையல்காரரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

பெட்டிக்குள் இருக்கிறது விடை

நமக்கு எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வராது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. வீட்டில் உள்ள பெட்டியையோ பீரோவையோ திறந்து, சேலை, ஜாக்கெட், சுடிதார், நைட்டி எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துப் போடுங்கள். இரண்டு குவியலாகப் பிரியுங்கள். அடிக்கடி உடுத்திச் சாயம் போனவை ஒரு பக்கம். வாங்கிய மடிப்புக் கலையாமல் கிடப்பவை மறு பக்கம்.

நல்ல சேலை எது என்று கேட்டால் பட்டுச்சேலையைக் காட்டுவோம். ஆனால் நம் ரசனையைச் சொல்வது அந்தச் சாயம் போன குவியல்தான். கிழியும்வரை கட்டிய சேலை ஏன் கிழியும்வரை கட்டப்பட்டது? துணி மெத்தென்று இருந்ததா? கரை அகலம் பிடித்ததா? அந்த நிறத்தைக் கட்டினால் முகம் தெளிவாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னார்களா? தூக்கிச் சொருகிக் கொண்டு வேலை செய்யத் தோதாக இருந்ததா? மடிப்புக் கலையாத குவியலையும் இதே போலக் கேளுங்கள். கை இறுக்குகிறது, கழுத்து நழுவுகிறது, துணி வேர்வையை உறிஞ்சவில்லை, நிறம் நமக்குப் பிடிக்கவில்லை ஆனால் கொடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று வாங்கி வைத்தோம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் இருப்பது போல, உங்களுக்கு ஒரு துணி நோட்டு. 40 பக்க நோட்டு போதும். பிடித்த உடையின் வெட்டுத் துணி கிடைத்தால் ஒரு விரல் அளவு ஒட்டி, பக்கத்தில் ஏன் பிடித்தது என்று ஒரு வரி. எழுத வராதவர்கள் துணியை மட்டும் ஒட்டினாலும் போதும், துணியே ஞாபகப்படுத்தும். நாலைந்து மாதத்தில் ஒரு விஷயம் தெரிய வரும். பெரும்பாலும் நாம் ஒரே வகை நிறத்தையும் ஒரே வகைத் துணியையும்தான் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்போம். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள். "இது இப்போ ரொம்ப ஓடுதும்மா" என்று கடைக்காரர் விரித்துப் போடும்போது பிடிமானத்துக்கு அது உதவும்.

அளவு ஜாக்கெட் செய்யும் வேலை

தையல் கடைக்குப் போகும்போது நாம் எல்லாரும் ஒரு அளவு ஜாக்கெட்டைக் கொண்டு போகிறோம். "இதே மாதிரி தச்சுடுங்க" என்கிறோம். அந்த அளவு ஜாக்கெட் எப்போது தைத்தது? கல்யாணத்துக்கு முன்னாலா, முதல் பிள்ளை பிறந்த பிறகா? அதில் ஏதாவது குறை இருந்தால், அடுத்து தைக்கும் பத்து ஜாக்கெட்டிலும் அதே குறை பிறக்கும். வலது தோள் கொஞ்சம் நழுவுகிறது என்றால் பத்திலும் நழுவும். நாமும் "என் உடம்பு அப்படி" என்று இருந்து விடுகிறோம். உடம்பின் மேல் பழி போடுவதற்கு முன் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் கையைத் தூக்கிப் பாருங்கள். பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது போல இரண்டு கையையும் மேலே தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறி இடுப்பு தெரிகிறதா? அப்படி என்றால் கைக்குழி அதிகமாகக் கீழே இறங்கி இருக்கிறது. கை பிடிக்கிறது என்று சொன்னால் சிலர் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டி விடுவார்கள். அப்போது இழுப்பு இன்னும் கூடும். கைக்குழி அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால்தான், கை மட்டும் மேலே போகும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். இடம் வேண்டும் என்றால் கைத் துணியின் அகலத்தில் கொடுக்க வேண்டும். நாற்று நடுபவர்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும், தலையில் சுமை தூக்குகிறவர்களும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையைத் தூக்குகிறோம்!

அடுத்தது தோள் நழுவுவது. பின் கழுத்தும் இறக்கம், முன் கழுத்தும் இறக்கம், கழுத்தின் அகலமும் அதிகம் என்றால் தோள் பட்டைக்குப் பிடிமானமே இருக்காது. பின் கழுத்து இறக்கமாக வேண்டும் என்று ஆசையா? தாராளமாக வையுங்கள். ஆனால் முன் கழுத்தை ஒரு இஞ்சு ஏற்றி, கழுத்து அகலத்தைக் குறையுங்கள். அப்படியும் பயமாக இருந்தால் பின்னால் நாடா வைத்துக் கட்டிக் கொள்ளலாம். ஆசையை விட்டுவிட வேண்டிய அவசியமே இல்லை, கணக்கை மாற்றினால் போதும்.

அளவு எடுக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரல் போகும்படி பிடிக்க வேண்டும். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளி நின்று கொடுக்கும் அளவு, மூச்சை விட்டதும் இறுக்கும். தைத்த பிறகு பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்சாவது துணி விட்டிருக்க வேண்டும். நம் உடம்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. பிள்ளை பெற்ற பிறகு, கருப்பை அறுவை செய்த பிறகு, மாதவிலக்கு நிற்கும் வயசில் எல்லாம் கூடும் குறையும். உள்ளே துணி இருந்தால் பிரித்துக் கொள்ளலாம். இல்லாவிட்டால் நல்ல ஜாக்கெட்டும் பாத்திரம் துடைக்கத்தான் போகும். துணி வெட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

லைனிங் வைத்துத் தைப்பவர்கள் லைனிங் துணியை முந்தின நாள் தண்ணீரில் ஊற வைத்துக் காயப் போட்டு, தேய்த்த பிறகே வெட்ட வேண்டும். பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும். மேல்துணி சுருங்காமல் உள்துணி மட்டும் சுருங்கினால் ஜாக்கெட் கசங்கிய காகிதம் போல ஆகிவிடும். வேறு நிறத்தில் பைப்பிங் வைக்கும்போது, அந்தத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். பைப்பிங் துணியைக் குறுக்காக, அதாவது கிராஸாக வெட்டினால்தான் கழுத்து வளைவில் சுருக்கம் இல்லாமல் திரும்பும். துணி நேராக இழுத்தால் நீளாது, மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். கையில் ஒரு கைக்குட்டையை எடுத்து இழுத்துப் பாருங்கள், உடனே புரியும்.

யோசனை எங்கிருந்து வருகிறது?

சினிமா நம் உடையில் நிறையப் பங்கு எடுத்திருக்கிறது. 1985ல் 'பூவே பூச்சூடவா' படம் வந்த பிறகு நதியா கம்மல், நதியா வளையல் என்று கடை கடையாய்த் தொங்கியது நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2005ல் சந்திரமுகி வந்ததும் சந்திரமுகி சேலை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. பார்த்து ஆசைப்படுவது மனுஷ சுபாவம். ஆனால் படத்தில் பார்த்ததை முழுசாக எடுக்காமல் அதில் எது நம்மை இழுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கையின் கொசுவமா? இரண்டு நிறத்தின் சேர்க்கையா? கழுத்தின் வடிவமா? அந்த ஒன்றை மட்டும் நம் துணியில், நம் வேலைக்கு ஏற்ற மாதிரி வைத்துக் கொண்டால் அது நம்முடையதாகி விடும். இப்போது கைப்பேசியில் படம் காட்டித் தைக்கச் சொல்லும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லலாம்.

சினிமாவை விட்டால் நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது? காஞ்சிபுரம் பட்டில் நிறங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, வெங்காயத் தோல். எல்லாம் நம் வாசலிலும் அடுப்படியிலும் இருப்பவை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா உடுத்தியதால் எம்.எஸ். புளூ என்று ஒரு நீலத்துக்கே பெயர் வந்தது. ஒரு பெண்ணின் விருப்பம் ஒரு நிறத்துக்குப் பெயராகி நிற்கிறது! வெங்காயத் தோலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், எத்தனை சிவப்பு அதில் இருக்கிறது. அந்த நிறத்துக்குக் கரும்பச்சைக் கரை வைத்தால் எப்படி இருக்கும் என்று வெங்காயம் உரிக்கும்போதே தோன்றலாம். தோன்றினால் நோட்டில் ஒட்ட ஒரு தோலை எடுத்து வையுங்கள், சிரிக்காதீர்கள்.

கோலம் இன்னொன்று. புள்ளி வைத்து, வரிசை எண்ணி, வளைத்து முடிப்பது நம் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே கணக்கு ஜாக்கெட்டின் முதுகிலும், பாவாடைக் கரையிலும், தலையணை உறையிலும் நூலாக இறங்கும். நீலகிரித் தோடர் பெண்கள் செய்யும் பூவேலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'புகூர்' என்று பெயர். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் போடுகிறார்கள். மேலே எதுவும் வரைந்து கொள்வதில்லை. சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசியை விடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது தையல் என்றே தெரியாது, தறியில் நெய்தது போல இருக்கும். அவர்கள் மேய்க்கும் எருமையின் கொம்பும், மலையும், பூவும் அதில் வருகின்றன. 2013ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எருமைக் கொம்பில் ஒரு வடிவம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் பார்த்தார்கள், பிடித்தது, நூலில் வைத்தார்கள்.

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட பூவேலையை, ஏறக்குறைய மறந்து போன நிலையில், மறுபடியும் கற்றுத் துணிகளில் போட்டு விற்கிறார்கள். தங்கள் சங்கத்துக்கு 'போர்கை' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் பெருமை என்று அர்த்தம். நம் வீட்டுப் பாட்டிகளிடமும் ஏதாவது இருக்கும். பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தால் அதன் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். எத்தனை இழைக்கு ஒரு கோடு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று. கிழிந்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். கரையை மட்டும் வெட்டி எடுத்து ஒற்றை நிற ஜாக்கெட்டின் கையில் வைத்துத் தைத்தால், கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஜாக்கெட் அது.

பின்னல் பற்றிக் கொஞ்சம்

எங்கள் தையல் குழுவில் ஊசி நூலைப் போலவே குரோஷா ஊசிக்கும் பிரியர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பத்தி. நெய்த துணிக்கும் பின்னிய துணிக்கும் என்ன வித்தியாசம் என்று பலருக்குச் சந்தேகம். நெய்த துணியில் இழைகள் நெடுக்கும் குறுக்குமாகப் போகின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக் கொண்டு போகிறது. கண்ணி நெகிழ்வதால் துணி நீண்டு சுருங்குகிறது. பனியனும் டீ ஷர்ட்டும் உடம்போடு ஒட்டிக் கொள்வது அதனால்தான். திருப்பூர் ஊரே அந்தக் கண்ணியில்தான் பிழைக்கிறது.

கையால் பின்னும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கைக் கண்ணி என்று இரண்டு பேர் பின்னினாலும் அளவு ஒன்றாக வராது. ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. அதனால் ஸ்வெட்டரோ குல்லாவோ தொடங்கும் முன்பு உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் பின்னி, ஒரு இஞ்சுக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிக் கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கைதான் உங்கள் கை. அதை அளவால் பெருக்கினால் எத்தனை கண்ணி போட வேண்டும் என்று தெரியும். இஞ்சுக்கு 5 கண்ணி, 14 இஞ்சு சுற்றளவு என்றால் 70 கண்ணி. கம்பளியில் பின்னியதைத் துவைத்த பிறகு கொடியில் தொங்கப் போடாதீர்கள், தண்ணீர்க் கனத்தில் நீண்டு விடும். துண்டின் மேல் பரப்பிக் காய வையுங்கள்.

நம் பக்கத்து வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள் பருத்தி நூலில் பின்னலாம். சேலை முந்தானைக்கும், தாவணிக்கும், ஜாக்கெட் கைக்கும் விளிம்புப் பின்னல் போட்டால் அழகாக இருக்கும். நூலால் விளிம்பு செய்யும் வேலை நம் தென்மாவட்டப் பெண்களுக்குப் புதிதல்ல. 1820களில் நாகர்கோவிலில் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி மார்த்தா, அந்தப் பகுதிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். திண்டின் மேல் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் லேஸ் அது. அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து கொண்டு இடையன்குடிக்கு வந்து அங்கேயும் அதைத் தொடங்கினார். தங்கள் கையால் நாலு காசு பார்க்க முடியும் என்பதைப் பல பெண்கள் அந்த நூலில்தான் முதலில் கண்டார்கள்.

"இந்த வயசுல இது தேவையா?"

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து, பிடித்த நிறத்தில் நல்ல ஜாக்கெட் தைத்துப் போட்டுக் கொண்டு தெருவில் இறங்கினால் ஒரு குரல் வரும். அந்தக் குரல் பெரும்பாலும் ஆண் குரலாகவும் இருக்காது. இதைப் பேசாமல் உடை பற்றிய பாடம் முடியாது.

பெண் என்ன உடுத்தலாம் என்று அடுத்தவர் முடிவு செய்த கதை நம் மண்ணில் பழையது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்களும், ஒடுக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மேலாடையால் மார்பை மறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. மீறியவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1822ல் தொடங்கிப் பல கட்டமாக நடந்த அந்தப் போராட்டத்துக்குத் தோள்சீலைப் போராட்டம் என்று பெயர். 1859ல்தான் மேலாடை போட்டுக் கொள்ளலாம் என்று அரசு ஆணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் போடுவது போலப் போடக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். இன்று நாம் சாதாரணமாக மாட்டிக் கொண்டு போகும் ஜாக்கெட்டுக்குப் பின்னால் இத்தனை அடியும் அவமானமும் இருக்கிறது. அது நம் பாட்டிக்குப் பாட்டி காலத்துச் சங்கதி, அவ்வளவு தூரம்தான்.

சட்டம் போட்ட கட்டுப்பாடு போய்விட்டது. வாய் போடும் கட்டுப்பாடு இருக்கிறது. 50 வயசானால் சிவப்பு கூடாது. கறுப்பாக இருந்தால் கரும்பச்சை கூடாது. புருஷன் இறந்துவிட்டால் கலரே கூடாது, பூப்போட்ட சேலை கூடாது, கையில் கரை வைத்த ஜாக்கெட் கூடாது. நம் குழுக்களில் கணவனை இழந்த சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள்தான் பல குழுக்களில் கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவர்கள், வங்கிக்கு நடக்கிறவர்கள். அவர்கள் ஒரு மாம்பழ மஞ்சள் சேலை கட்டி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்கிறோம். வாயால் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்தப் பார்வை போதும், அடுத்த வாரம் அவர் சாம்பல் நிறத்துக்குத் திரும்பி விடுவார். நிறம் முகத்துக்குச் சேருமா என்பது பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் துணியைத் தோளில் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். அதில் வயசுக்கும் தாலிக்கும் வேலை இல்லை. அவர் வெள்ளையே எனக்குப் பிடிக்கிறது என்று கட்டினால் அதுவும் அவர் விருப்பம்.

குழுச் சேலையை எடுத்துக் கொள்ளுங்கள். கிராம சபைக்கும் விழாவுக்கும் எல்லாரும் ஒரே சேலையில் போனால் ஒற்றுமை தெரியும், உண்மைதான். ஆனால் அந்தச் சேலையைத் தேர்ந்தெடுப்பது யார்? ஊக்குநரும் பிரதிநிதியும் கடைக்குப் போய், மொத்தமாக எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுத்து வந்து விடுகிறார்கள். பணம் எல்லாரும் போடுகிறோம். மூன்று மாதிரித் துண்டுகளைக் கடையில் கேட்டு வாங்கி வந்து, கூட்டத்தில் கையில் கொடுத்து, கை தூக்கச் சொல்லி, தீர்மானத்தில் எழுதலாமே. துணியைக் கசக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் நாலு மணி நேரம் உட்கார வேண்டிய சேலை அது. சேலை ஒன்றாக இருக்கட்டும், ஜாக்கெட்டை அவரவர் இஷ்டத்துக்குத் தைத்துக் கொள்ளலாம். ஒருவர் பஃப் கை வைப்பார், ஒருவர் முழங்கை வரை வைப்பார். ஒற்றுமைக்கு ஒன்றும் குறையாது.

அடுத்தவருக்குத் தைக்கும்போது

நம் உறுப்பினர்களில் பலர் வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறார்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடை தைத்துப் பழகிய கைகளும் உண்டு. சீருடையில் அளவு ஒன்று, நிறம் ஒன்று, வேகம்தான் முக்கியம். வீட்டுக்கு வரும் வாடிக்கையாளர் அப்படி இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். "நல்லா தைங்க" என்று மட்டும் சொல்வார். அப்போது நமக்குப் பிடித்ததை அவர் முதுகில் வெட்டி விடக் கூடாது.

பேச்சுக் கொடுங்கள். என்ன வேலைக்குப் போகிறீர்கள், கைக்குழந்தை இருக்கிறதா, போன ஜாக்கெட்டில் எது பிடிக்கவில்லை என்று மூன்று கேள்வி போதும். பால் கொடுக்கும் தாய்க்குப் பின்பக்கம் கொக்கி வைத்துக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நூறு நாள் வேலைக்குப் போகிறவர் கழுத்து வெயிலில் கறுக்கிறது என்று நினைத்தால் பின் கழுத்தை ஏற்றிக் கேட்பார், ஆனால் வெட்கப்பட்டுக் கேட்க மாட்டார். அளவு ஜாக்கெட்டை வாங்கிக் கொண்டாலும் டேப்பால் ஒரு தடவை அளந்து, வாடிக்கையாளர் பெயர் போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மார்பு, இடுப்பு, தோள், கை உயரம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. ஓரத்தில் அவர் சொன்ன குறை. அடுத்த தடவை அவர் வரும்போது "போன முறை வலது தோள் நழுவுதுன்னு சொன்னீங்களே அக்கா, இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

இன்னொன்றும் செய்து கொடுங்கள். ரெடிமேட் சுடிதார் டாப்ஸ் பலவற்றில் பை கிடையாது. கைப்பேசி, சாவி, சேமிப்புப் பணம் எல்லாம் கையிலேயே இருக்கும், இல்லாவிட்டால் இடுப்பில் சொருகிய சுருக்குப் பையில். நீங்கள் சுடிதாரோ நைட்டியோ தைக்கும்போது, இடுப்புக்கு மூன்று விரல் கீழே பக்கத் தையலில் ஆறு இஞ்சு வாய் விட்டு, உள்ளே ஒரு பை வைத்து விடுங்கள். கை முழுசாக நுழைய வேண்டும், கைப்பேசி போட்டால் வாய்க்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் போய் உட்கார வேண்டும். அப்போதுதான் குனிந்தால் விழாது. பை வாயின் இரண்டு முனையிலும் மூன்று தடவை முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள், முதலில் கிழிவது அந்த இடம்தான். மீதித் துணி கால் மீட்டர் இருந்தாலே இரண்டு பக்கமும் வைக்கலாம். அதற்கென்று தனிக் கூலி எவ்வளவு என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்லி விடுங்கள்.